கோதுமை ஒவ்வாத குடும்பத்திற்கு மரக்கறி உணவு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரை வயல்களில் நெல் விளைகிறது. கிழக்கே எழுவான்கரை மணல் நிலத்தில் மரக்கறியும் தென்னையும் செழிக்கின்றன. இவ்விரு கரையிலும் விளையும் நெல், குரக்கன், சோளன், பயறு, கௌபி, கிழங்கு, கீரை ஆகிய எதிலும் குளூட்டன் எனப்படும் கோதுமைப் பசையம் இல்லை. ஆகவே, கோதுமை ஒவ்வாத ஒருவர் வீட்டில் இருப்பாராயின், அவருக்கு வேண்டிய ஆகாரத்தின் பெரும்பகுதியைக் கமக்காரர் தம் நிலத்திலேயே விளைவித்துக்கொள்ளலாம். ஆனால், வயலிற் சுத்தமாக விளைந்த அரிசி, ஆலையிலும் கடையிலும் அடுக்களையிலும் கோதுமையோடு கலந்துவிடுகிறது. அதனைத் தடுக்கும் முறைகளை அறிதல் அவசியமாகும்.

நோயின் தன்மை

கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களிலுள்ள பசையம் சிலருடைய சிறுகுடலின் உட்சுவரைப் பழுதாக்குகிறது. உண்ட உணவின் சத்து உடலிற் சேராமற் போகிறது. நெடுநாள் வயிற்றோட்டம், வயிறு ஊதுதல், உடல் மெலிதல், இரத்தச்சோகை ஆகியன இதனால் உண்டாகலாம். பிள்ளைகள் வயதுக்கேற்ற வளர்ச்சியின்றி இருப்பர். இந்நோய் சீலியாக் நோய் எனப்படும்.

ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியரான வில்லெம் டிக்கே என்பவர், இதற்குக் கோதுமையே காரணமாகலாம் என 1930களிலேயே எண்ணினார். 1944-45ஆம் ஆண்டு மாரிகாலத்தில் யுத்தத்தினால் அந்நாட்டிற் பாண் கிடையாத பஞ்சம் ஏற்பட்டது. ஏனையோர் பசியால் வாட, இந்நோயுற்ற பிள்ளைகளோ தேறினர். பாண் மீண்டும் கிடைத்தபொழுது நோயும் மீண்டது. 1950ஆம் ஆண்டில் அவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். இன்றும் இந்நோய்க்குப் பரிகாரம், பசையமுள்ள உணவை ஆயுள் முழுதும் விலக்குதலேயாகும்.

ஐயம் தோன்றியவுடன் கோதுமையை நிறுத்திவிடுதல் தவறு. நிறுத்தியபின் இரத்தத்தைச் சோதித்தால் நோய் புலப்படாமற் போகலாம். வழக்கமான உணவை உண்டுகொண்டே வைத்தியரிடம் சென்று பரிசோதித்தல் வேண்டும். அதன் பின்னரே உணவை மாற்றுதல் வேண்டும்.

கோதுமை புகும் வழிகள்

பாண், பணிஸ், பிஸ்கற்று, கோதுமை ரொட்டி ஆகியவற்றை விலக்க வேண்டுமென்பது எவருக்கும் விளங்கும். ரவையும் சேமியாவும் பெரும்பாலும் கோதுமையே. கோயில் விசேடங்களில் வழங்கும் கேசரியும் இதனுள் அடங்கும். கடையில் விற்கும் இடியப்பம், பிட்டு, தோசை, அப்பம், முறுக்கு ஆகியவற்றில் அரிசிமாவுடன் கோதுமை மாவைக் கலப்பதுண்டு. பெருங்காயத் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மா சேர்க்கப்படுகிறது. மரக்கறி உண்போர் வாங்கும் சோயா இறைச்சியிலும், சோயா சோசிலும், மோல்ட் பானங்களிலும் கோதுமையோ பார்லியோ இருக்கலாம். பொதியின் மீதுள்ள விபரத்தை வாசித்தே வாங்குதல் வேண்டும்.

சில அரிசி வகைகள் சமைத்தபின் ஒட்டும் இயல்புடையன. அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அந்த ஒட்டுந்தன்மை மாப்பொருளால் உண்டாவது. கோதுமைப் பசையத்தால் அன்று.

ஆலையிலும் அடுக்களையிலும்

கோதுமை அரைத்த இயந்திரத்தில் உடனே அரிசியை அரைத்தால், உள்ளே தங்கிய மா அரிசிமாவோடு கலக்கும். இதற்கு மூன்று உபாயங்கள் உள. முதலாவது, வீட்டு உரலில் இடித்துக்கொள்ளல். இரண்டாவது, கோதுமை அரைக்காத ஆலையைத் தேர்தல். இவ்விரண்டும் இயலாதாயின், காலையில் இயந்திரத்தைத் துப்புரவாக்கியபின் முதல் ஆளாக அரைப்பித்து, முதலில் வரும் இரண்டொரு கிலோ மாவை வேறாக்கி மாட்டுக்கோ கோழிக்கோ இட்டுவிடலாம். இம்மூன்றாவது முறை முதலிரண்டைப் போலப் பூரண பாதுகாப்புடையதன்று.

நோயுற்றவருக்கென அரிதட்டு, பிட்டுக்குழல், இடியப்ப உரல், மா வைக்கும் பாத்திரம் ஆகியவற்றைப் புறம்பாக வைத்தல் வேண்டும். கோதுமை ரொட்டி சுட்ட கல்லில் அவருக்குத் தோசை சுடலாகாது. வீட்டார் அனைவரும் அரிசி, குரக்கன் உணவையே உண்பாராயின் இத்தொல்லை நீங்கும். பிள்ளையும் தான் தனித்து விடப்பட்டதாக எண்ணாது.

ஒரு நாளைய உணவு

காலை: இரண்டு கோப்பை குரக்கன் மா, ஒரு கோப்பை வறுத்த அரிசிமா, ஒரு கோப்பை தேங்காய்ப்பூ ஆகியவற்றைக் கொண்டு அவித்த பிட்டு, அதனுடன் பயற்றங்கறி. நூறு கிராம் குரக்கனில் சுமார் 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அரிசியில் அது மிகக் குறைவு.

நண்பகல்: சிவப்பரிசிச் சோறு, கௌபி அல்லது பருப்புக்கறி, பூசணிக்காய்க் கறி, முருங்கையிலைச் சுண்டல். உண்ணும்பொழுது சிறிது தேசிக்காய்ப் புளி சேர்த்தல் நன்று. கீரையிலும் பயற்றிலுமுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர அது உதவும்.

மாலை: அவித்த சோளன், வற்றாளை அல்லது மரவள்ளி, தேங்காய்ச் சம்பல்.

இரவு: வீட்டில் அரைத்த அரிசிமா இடியப்பமும் பாலாணமும், அல்லது மூன்று பங்கு அரிசியும் ஒரு பங்கு உழுந்தும் ஊறவைத்து அரைத்துப் புளிக்கவிட்டுச் சுட்ட தோசை.

கோதுமை மா சேராவிடில் ரொட்டி உடைந்துவிடும் என்பர். அரிசிமாவையும் குரக்கன் மாவையும் கொதிநீர் விட்டுப் பிசைந்தால் மா இணங்கிவரும். தானியத்தோடு பயறு வகையையும் நாள்தோறும் சேர்த்தல் வேண்டும். தானியப் புரதத்திற் குறைவாயுள்ளதைப் பயற்றுப் புரதம் நிறைவு செய்கிறது.

ஏனைய ஒவ்வாமைகள்

பால், கச்சான், மரமுந்திரிகை, எள் ஆகியனவும் சிலருக்கு ஒவ்வா. பால் ஒவ்வாதவருக்கு எருமைத் தயிரும் ஆகாது. கறிக்குத் தேங்காய்ப்பால் போதும். எனினும், உயிர்ச்சத்து பி12 மரக்கறிகளில் இல்லை. மரக்கறி உண்போர் அதனைப் பால், தயிரிலிருந்தே பெறுகின்றனர். பாலையும் விலக்கியவர், வைத்தியரின் ஆலோசனைப்படி அதனை மருந்தாகப் பெறுதல் வேண்டும். கச்சானோ எள்ளோ ஒவ்வாத வீட்டில் அவற்றின் எண்ணெயை நீக்கித் தேங்காயெண்ணெயை உபயோகிக்கலாம். உண்டவுடன் உதடு வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியன கண்டால், கைவைத்தியத்திற் காலம் போக்காது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

நிலத்தில் செய்ய வேண்டுவன

பெரும்போக அறுவடையின் பின் வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயறு விதைக்கலாம். எம்.ஐ. 5, எம்.ஐ. 6 போன்ற இனங்கள் சுமார் இரண்டு மாதங்களில் பலன் தரும். மேட்டுநிலத்தில் மாரிமழையோடு குரக்கன் விதைத்தல் வேண்டும். வீட்டு வளவில் இரண்டு முருங்கை, ஓர் அகத்தி, பந்தலிற் பயற்றங்காய், வேலியோரம் மரவள்ளி, கிணற்றடியில் பொன்னாங்காணியும் வல்லாரையும் இருப்பின் மரக்கறிக்குக் கடையை நாட வேண்டியதில்லை.

அறுவடைக் காலத்தில் நெல் முழுவதையும் விற்றுவிட்டுப் பின்னர் கடைமாவை வாங்குதல் இத்தகைய குடும்பத்திற்குத் தகாது. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய நெல்லையும் பயற்றையும் குரக்கனையும் முதலில் அளந்து எடுத்து, நன்கு உலர்த்தி, புதிய சாக்குகளில் இட்டு, அடையாளமிட்டு வைத்தல் வேண்டும். கோதுமை மா இருந்த பழஞ்சாக்கை இதற்கு எடுக்கலாகாது. எஞ்சியதையே விற்பனைக்கு விடுதல் வேண்டும்.