கைப்பிடி ஏன் பிளந்தது?

தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவது பொருத்தம்தான். மத்தில் கயிற்றைச் சுற்றி இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னுமாகச் சுழலும் அல்லவா? மத்துக்குப் பதில் ஒரு மரத்துண்டை இரு முனைகளிலும் தாங்கி நிறுத்தி, அது சுழலும்போது உளியை வைத்தால், அதுவே பழங்காலக் கடைசல் இயந்திரம். எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறையில், கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்துச் சிற்பம் ஒன்று உள்ளது. ஒருவர் வாரை இழுக்க, மற்றொருவர் உளி பிடிக்கும் காட்சி அதில் இருக்கிறது. இன்று கயிற்றின் வேலையை மின்மோட்டார் செய்கிறது.

மரம் கடைவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பிச் செய்யும் பொருள்களில் ஒன்று சவரப் பிரஷின் கைப்பிடி. உயரம் 5 அல்லது 6 செ.மீ.; குறுக்களவு 3 முதல் 4 செ.மீ. மேலே ஒரு குழி. தனியாக விலைக்குக் கிடைக்கும் மயிர்க் கற்றையை அந்தக் குழியில் ஒட்டிவிட்டால் பிரஷ் தயார். பார்க்க எளிய வேலை. ஆனால் நாள்தோறும் நனைந்து, நாள்தோறும் உலரும் பொருள் இது. மரத்துக்கு இதைவிடக் கடினமான தேர்வு வேறில்லை.

அந்தத் தேர்வில் நான் ஒருமுறை தோற்றேன். கொல்லையில் அன்றுதான் வெட்டிய வேப்பங்கிளையிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கடைந்தேன். பச்சை மரம் உளிக்கு வெண்ணெய்போல் இணங்கியது. பிரஷை அப்பாவிடம் பெருமையோடு கொடுத்தேன். மூன்றாம் வாரம் கைப்பிடியில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு! அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதை நூலால் இறுகக் கட்டிப் பயன்படுத்தி வந்தார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. எங்கே தவறினேன்?

வட்டம் மூட மறுக்கிறது

மரம் என்பது நெருக்கி அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. குழாய்களுக்குள் இருக்கும் நீர் முதலில் வெளியேறும். அப்போது மரம் சுருங்குவதில்லை. பிறகு குழாய்ச் சுவர்களில் ஊறியிருக்கும் நீர் போகத் தொடங்கும். அப்போதுதான் சுருக்கம். அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இராது. நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு. ஆண்டு வளையங்களின் போக்கில், அதாவது சுற்றளவில், அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு!

ஒரு கணக்குப் போடுவோம். 40 மி.மீ. குறுக்களவுள்ள கிளையின் சுற்றளவு சுமார் 126 மி.மீ. முழுவதும் உலரும்போது ஆரத்திசையில் 4 சதவீதமும் சுற்றளவில் 8 சதவீதமும் சுருங்குவதாகக் கொள்வோம். குறுக்களவு 38.4 மி.மீ. ஆகும். அதைச் சுற்றி வளைக்க 120.6 மி.மீ. மரம் வேண்டும். இருப்பதோ 115.6 மி.மீ. மீதி 5 மி.மீ.க்கு எங்கே போவது? வட்டம் மூட மறுக்கிறது, மரம் பிளக்கிறது.

ஆக, நான் செய்த தவறுகள் இரண்டு: பச்சை மரத்தை எடுத்தது, கிளையின் மையம் உள்ளேயே இருக்கும்படி கடைந்தது. மையம் இல்லாத துண்டில் முழு வட்டம் கிடையாது. எனவே இழுவையும் குறைவு.

பென்சில் கற்றுத்தரும் பாடம்

பென்சிலைக் கத்தியால் சீவும்போது கூரை நோக்கியே சீவுகிறீர்கள். எதிர்த்திசையில் சீவினால் கத்தி உள்ளே பாய்ந்து மரம் பிய்ந்துவரும். கடைசலிலும் இதே விதிதான். பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்கு உளி ‘இறங்க’ வேண்டும். அப்போது வெட்டப்படும் நாரை அடியிலுள்ள நார்கள் தாங்கிக்கொள்ளும். பரப்பும் வழவழப்பாக அமையும்.

வேகமும் முக்கியம். 40 மி.மீ. துண்டு நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 11 கி.மீ. வேகத்தில் ஓடும், நிதானமாகப் போகும் சைக்கிளின் வேகம். அதே சுழற்சியில் 40 செ.மீ. கிண்ணம் ஒன்றைக் கடைந்தால் விளிம்பின் வேகம் 113 கி.மீ.! பெரிய துண்டுகளை மெதுவாகச் சுழற்றுவது இதனால்தான்.

அரக்கா, வார்னிஷா?

அம்பாசமுத்திரத்துச் சொப்புகளும் கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகளும் அரக்கால் பளபளக்கின்றன. சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வு வெப்பத்தில் அரக்கு இளகி மரத்தில் படியும். அடுப்பே வேண்டாம்! ஆனால் சவரப் பிரஷுக்கு அது உதவாது. வெந்நீரில் அரக்கு இளகும், காரத்தில் கரையும். சோப்புக் கரைசல் காரத்தன்மை உடையதல்லவா? ஆகவே இதற்குப் பாலியூரித்தேன் வார்னிஷை மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை பூசுகிறார்கள். குழியின் உட்புறத்தையும் மறக்கக்கூடாது. நீர் அங்கேதான் தங்கும்.

செய்து பாருங்கள்

பச்சைக் கிளை ஒன்றில் ஒரே நீளமுள்ள இரு துண்டுகளை வெட்டச் சொல்லுங்கள். ஒன்று முழுதாக இருக்கட்டும். மற்றதைப் பெரியவர் ஒருவர் மையத்தின் வழியே இரண்டாகப் பிளந்து தரட்டும். நிழலில் வைத்து வாரம் ஒருமுறை எடைபோட்டுக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்றால், மரம் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். பிறகு பாருங்கள்: முழுத்துண்டில் வெடிப்பு தெரியலாம். பிளந்த துண்டின் தட்டையான முகத்தில் அடிக்கோலை வைத்தால் நடுவில் மேடு தட்டும். வட்டம் பிளந்து தீர்த்துக்கொண்ட கணக்கை, அரைவட்டம் வளைந்து தீர்த்துக்கொண்டது!

கடைசல் இயந்திரத்தில் மட்டும் ஆசிரியர் துணையின்றிக் கை வைக்காதீர்கள். கண்ணாடி அணியுங்கள், தொங்கும் துணி, மோதிரம், கைக்கடிகாரம் கூடாது. மோட்டாரை இயக்குமுன் துண்டைக் கையால் ஒருமுறை சுற்றி, எங்கும் இடிக்காததை உறுதிசெய்து கொள்ளுங்கள்.

என் இரண்டாவது கைப்பிடிக்கான மரம் எட்டு மாதம் பரணில் உலர்ந்தது. கடைவதற்கு ஆனதோ ஒரு மணி நேரம்தான். அப்பா இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறார். அதற்கு நூல்கட்டு தேவைப்படவில்லை.