எங்கே விழுகிறது வெளிச்சம்?

மாஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 மியாட்டா, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரை திறக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். பகலில் அதன் முகத்தில் ஹெட்லைட்டே தெரியாது. சுவிட்சைப் போட்டால் பானெட்டின் இரு மூலைகளிலும் மூடிகள் எழும்பி, வட்டமான இரண்டு விளக்குகள் வெளியே வரும். 1997 வரை தயாரான இந்த முதல் தலைமுறைக் கார்களைப் பல நாடுகளில் இன்றும் கண்ணும் கருத்துமாகப் பராமரித்து ஓட்டுகிறார்கள். அவர்களில் பலருக்கும் உள்ள குறை, ராத்திரியில் ரோடு சரியாகத் தெரிவதில்லை என்பது.

குறை நியாயமானதுதான். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. குறுக்கே எதையோ பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே 42 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த ரோட்டில், நல்ல டயரோடு நிற்பதற்கு மேலும் 55 மீட்டர் தேவை. ஆக மொத்தம் 97 மீட்டர்.

இப்போது விளக்கின் பக்கம் வருவோம். எதிரே வருபவரின் கண் கூசாமல் இருக்க, டிம்மில் ஒளிக்கற்றையின் மேல் விளிம்பு 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வீதம் கீழே சரிந்திருக்க வேண்டும். அதாவது ஒரு சதவீதச் சரிவு. விளக்கின் மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்தால், அந்த விளிம்பு 60 மீட்டரில் தரையைத் தொட்டுவிடும். ரோட்டோரத்தில் மட்டும் விளிம்பு 15 டிகிரி மேலேறுவதால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்ச தூரம் தெரியும். எந்தப் பல்பை மாட்டினாலும் இந்த 60 மீட்டர் 97 ஆகப்போவதில்லை. தாழ்ந்த காரின் பிறவிக் குணம் இது. எழும்பும் விளக்குகள் வந்ததற்கும் உயரமே ஒரு காரணம். ஹெட்லைட் தரையிலிருந்து குறைந்தது 22 அங்குலம், அதாவது சுமார் 56 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. மூக்கு தாழ்ந்த காருக்கு அந்த உயரத்தைத் தர விளக்கையே மேலே தூக்க வேண்டியிருந்தது.

கடைகளிலோ விற்பனை முழுக்க லூமன் கணக்கில்தான் நடக்கிறது. பெட்டியில் எத்தனை ஆயிரம் போட்டிருக்கிறதோ அத்தனை நல்ல விளக்கு என்று நினைத்து வாங்குகிறார்கள். லூமன் என்பது பல்பிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியேறும் ஒளியின் மொத்த அளவு. ஒரு குறிப்பிட்ட திசையில் அது எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைச் சொல்வது காண்டெலா. குழாயில் வரும் தண்ணீரும் அப்படித்தான். வாயை விரலால் அடைத்துப் பிடித்தால் கடைசிப் பாத்தி வரைக்கும் பீய்ச்சி அடிக்கிறதல்லவா, அந்த விரலின் வேலையை இங்கே ரிஃப்ளெக்டர் செய்கிறது.

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் விற்ற மியாட்டாக்களில் இருப்பது எச்4 என்ற ஹாலஜன் பல்பு. நம் ஊர் வண்டிகளிலும் நெடுங்காலமாகப் பார்த்துப் பழகியதுதான். 60/55 வாட், பிரைட்டில் 1650 லூமன், டிம்மில் 1000. அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் இரண்டு டங்ஸ்டன் இழைகள். டிம் இழைக்குக் கீழே மட்டும் ஓர் உலோகக் கிண்ணம். ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேல்நோக்கிக் கிளம்பக்கூடிய ஒளியை அது தடுத்துவிடுகிறது. கிண்ணத்தின் ஒரு விளிம்பு மட்டும் 15 டிகிரி சாய்த்து வெட்டப்பட்டிருக்கும். ரோட்டோரத்தில் மேலேறும் அந்தக் கோடு இந்தச் சின்னத் தகட்டிலிருந்துதான் பிறக்கிறது. எனக்குத் தெரிந்து மோட்டார் உலகத்தின் மிக அழகான சிறு பொருள்களில் இதுவும் ஒன்று.

இந்த இடத்தில் எல்.இ.டி. பல்பை மாட்டினால் என்ன ஆகும்? எச்4 இழை சில மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய சுருள். சுற்றிலும் ஒளி விடுகிறது. எல்.இ.டி. பல்பிலோ ஒரு பட்டையின் இரு பக்கத்திலும் சில்லுகள் ஒட்டியிருக்கும். பட்டையின் தடிமனால் அவை இழை இருக்கவேண்டிய இடத்திலிருந்து விலகியே நிற்கும். குவியத் தொலைவு 28 மி.மீ. உள்ள ஒரு ரிஃப்ளெக்டரில் ஒளிமூலம் ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் கற்றை ஏறக்குறைய 2 டிகிரி திரும்பும். ஒரு சதவீதச் சரிவு என்பது அரை டிகிரியைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். எதிரே வருபவருக்கு நாம் விட்டுவைத்த பாதுகாப்பைப்போல மூன்று மடங்குக்கும் மேலான பிழையை அந்த ஒரு மில்லிமீட்டர் உண்டாக்கிவிடுகிறது. எதிரே வருபவர் கண்ணில் புரை விழுந்த பெரியவராகவும் இருக்கலாம். அந்தக் கண்ணுக்குள் ஒளி சிதறும்போது ரோடே மறைந்துபோகும்.

ஆனாலும் மாட்டியவர் “பட்டப்பகல் மாதிரி இருக்கு” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சிதறிய ஒளியில் பெரும்பகுதி காருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரிலேயே கொட்டுகிறது. கண் அந்தப் பளிச்சுக்குப் பழகிக்கொள்ளும்போது தூரத்து இருட்டு இன்னும் கெட்டியாகிறது. முன்னைவிடக் குறைவாகப் பார்த்துக்கொண்டே, நிறையப் பார்ப்பதாக நம்பி, முன்னைவிட வேகமாகப் போகிறோம். எனக்கு இதில் கவலை தருவது இந்த நம்பிக்கைதான். பிரிட்டனின் எம்.ஓ.டி. ஆண்டுச் சோதனையில், 1986 ஏப்ரலிலிருந்து ஓடத் தொடங்கிய கார்களின் ஹாலஜன் விளக்குக்குள் எச்.ஐ.டி. எனப்படும் செனான் பல்பையோ எல்.இ.டி. பல்பையோ மாற்றி மாட்டியிருந்தால் தேர்ச்சி கிடையாது. ஜெர்மனியில் ஓஸ்ராம் நிறுவனத்தின் எல்.இ.டி. பல்பு 2020இல் அனுமதி பெற்றது. அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட கார்களுக்கு மட்டும். நீல நிறம் பூசிய ஹாலஜன் பல்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பூச்சு ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது.

பிறகு என்னதான் செய்வது? முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். விளக்கு எரியும்போது பல்பின் ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். ஹாலஜனின் வெளிச்சம், மின்னழுத்தத்தின் சுமார் 3.4 மடி அடுக்கில் ஏறி இறங்கும். 13.2 வோல்ட்டில் ஒரே ஒரு வோல்ட் குறைந்தாலும் ஏறக்குறைய கால் பங்கு வெளிச்சம் காணாமல் போகும். முப்பது வருஷத்து வயரும் துருப்பிடித்த எர்த்தும் அந்த ஒரு வோல்ட்டைச் சுலபமாகத் தின்றுவிடும். தடித்த வயரும் ரிலேவும் போட்டு, பேட்டரியிலிருந்து நேராக இழுத்தால் போன வெளிச்சம் திரும்பி வரும்.

அடுத்தது விளக்குக் கூடு. அமெரிக்க மியாட்டாவில் இருப்பது பல்பு, ரிஃப்ளெக்டர், கண்ணாடி எல்லாம் ஒன்றாக மூடி ஒட்டிய சீல்டு பீம். அமெரிக்காவில் 1940 மாடல் கார்களிலிருந்து இந்த 7 அங்குல வட்டமே பொது அளவானது. ஜீப், பழைய போர்ஷே 911, நம் புல்லட் எல்லாம் இதே அளவுதான் என்பதால் மாற்றுக் கூடு கிடைப்பதில் கஷ்டமில்லை. எச்4 பல்பு பொருந்தும் கண்ணாடிக் கூடு நல்ல தேர்வு. வாங்கும்போது கண்ணாடியில் உள்ள குறியைப் பாருங்கள். விளக்குக்கு எதிரே நின்று பார்க்கையில் வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால், அது பிரிட்டன், ஜப்பான், இந்தியா போல இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. ஐரோப்பிய முத்திரை உள்ள விளக்கில் அம்பே இல்லை என்றால் அது வலப்பக்க நாட்டுக்கானது. அதை நம் ரோட்டில் மாட்டினால், மேலேறும் கோடு எதிரே வருபவரின் முகத்தில்தான் போய் நிற்கும்.

எல்.இ.டி.தான் வேண்டும் என்றால், அதற்கென்றே லென்ஸும் ரிஃப்ளெக்டரும் வடிவமைத்த முழு விளக்காக வாங்கலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. பின்னால் துருத்தும் ஹீட் சிங்க், எழும்பும் கூட்டுக்குள் இடிக்காமல் உட்காருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பனி பெய்யும் ஊர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. எல்.இ.டி.யின் சூடு பின்பக்கமாகப் போவதால் முன்கண்ணாடியில் படியும் பனி உருகாது. அதற்காகவே கண்ணாடியைச் சூடாக்கும் கம்பி வைத்த விளக்குகள் வருகின்றன.

எதை மாட்டினாலும் கடைசியில் சுவர் முன்னால் நிறுத்தி லெவல் பார்த்தே ஆக வேண்டும். சமதரை, 10 மீட்டர் தூரம், சீட்டில் ஓட்டுபவரின் எடை. விளிம்பு விளக்கின் மையத்துக்கு 10 செ.மீ. கீழே விழ வேண்டும். ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்துபவர்கள் இதை விடவே கூடாது. 3 செ.மீ. தாழ்த்தினால் கற்றையின் எட்டம் 3 மீட்டர் குறையும். மியாட்டாவின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2265 மி.மீ. பின்பக்கம் மட்டும் 2.3 செ.மீ. கூடுதலாக இறங்கினால் ஒரு சதவீதச் சரிவு முழுக்கப் போய், விளிம்பு கிடைமட்டமாகிவிடும். விளக்கைத் தூக்கும் தண்டின் முனைகளில் உள்ள புஷ் தேய்ந்திருந்தால் ஓடும்போது விளக்கு ஆடும். லெவல் பார்ப்பதற்கு முன்பே அந்தப் புஷ்ஷை மாற்றிவிடுங்கள்.