எண்ணெய்க்குள் ஒரு மடை

டெக்ஸாஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் 1999 கமாரோ இருக்கிறது, ஆட்டோமேட்டிக். கால் மைல் பந்தயப் பாதையில் பச்சை விளக்கு விழுந்ததும் வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறதாம். எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள். 3000 ஸ்டால் வாங்கலாமா, 4000 வாங்கலாமா என்று கேட்கிறார்.

சக்கரம் அசையாமல் நிற்கும்போது எஞ்சின் எந்த வேகம்வரை ஏற முடிகிறதோ அதுதான் ஸ்டால். அவர் வண்டியின் 5.7 லிட்டர் எஞ்சின் தன் முழு முறுக்குவிசையைக் காட்டுவது 4000 ஆர்பிஎம் பக்கத்தில். கம்பெனி கன்வெர்ட்டரோ 2000 பக்கத்திலேயே அதை அமுக்கிவிடுகிறது.

ஸ்டாலை உயர்த்த ஒரு வழி, கன்வெர்ட்டரைச் சிறிதாக்குவது. 12 அங்குலத்தை 10 ஆக்குவது சின்ன மாற்றமாகத்தான் தெரியும். ஆனால் ஒரே வேகத்தில் அது தாங்கும் முறுக்குவிசை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறுகிறது. இரண்டே அங்குலத்தில் பாதிக்கும் கீழே போய்விடும். மற்றதெல்லாம் மாறாவிட்டால் 2000இல் நின்ற எஞ்சின் 3100ஐத் தாண்டும்.

இன்னொரு வழி, உள்ளே நடுவில் இருக்கும் ஸ்டேட்டரின் இதழ்க் கோணத்தை மாற்றுவது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் கப்பலுக்காக இந்தக் கன்வெர்ட்டருக்குக் காப்புரிமை பெற்றார்; நான் இன்றும் வியப்பது இந்த நடுச்சக்கரத்தைத்தான். எஞ்சின் சுழற்றும் பம்பு எண்ணெயை வீசும்; கியர்பெட்டியைச் சுழற்றும் டர்பைனை முட்டித் திரும்பும் அந்த எண்ணெய் எதிர்த்திசையில் சுழன்று வரும். அப்படியே பம்புக்குள் போனால் எஞ்சினையே எதிர்க்கும். எங்கள் வயலில் அப்பா மடை மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன்: எதிரே வந்து மோதும் தண்ணீருக்கு நாலு வெட்டு மண்ணைச் சாய்வாக அணைப்பார், அது திரும்பி ஓட்டத்தோடு சேர்ந்து உந்தும். ஸ்டேட்டரின் இதழ்கள் செய்வதும் அதுவே. அதனால்தான் புறப்படும் கணத்தில் முறுக்குவிசை இரண்டு மடங்குக்குப் பெருகுகிறது. ஸ்டேட்டர் இல்லாத 1940இன் ஹைட்ராமேட்டிக் கியர்பெட்டியின் எண்ணெய் இணைப்பில் இந்தப் பெருக்கம் கிடையாது.

டர்பைன் வேகம் பம்பின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கும்போது எண்ணெய் அதே இதழ்களின் முதுகில் அடிக்கத் தொடங்கும். அப்போது ஸ்டேட்டர் தானே விடுபட்டுச் சுழல வேண்டும். வெட்டித் திறந்த ஒரு ஸ்டேட்டரை வாங்கிக் கையில் வைத்துச் சுற்றிப் பாருங்கள்: ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடும், மறுபக்கம் திருப்பிய உடனே இறுகும். நடுவே இருக்கும் சிறு உருளைகள் ஆப்புபோலச் சிக்குவதால்தான் இது. அந்தப் பூட்டு தேய்ந்து வழுக்கினால் வண்டி கிளம்பவே திணறும்; இறுகியே இருந்துவிட்டால் நெடுஞ்சாலையில் வேகமே எடுக்காது. எஞ்சினைக் குற்றம் சொல்வார்கள், குற்றவாளி உள்ளே இருக்கும்.

பெட்டிமேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஸ்டால் கன்வெர்ட்டருக்கு மட்டும் உரிய குணம் அல்ல. எஞ்சினின் முறுக்குவிசையின் வர்க்கமூலத்தோடு அது ஏறி இறங்கும். ஒரு பெரிய எஞ்சினில் 3000 காட்டுவது, அதில் பாதி விசையுள்ள எஞ்சினில் 2100தான் காட்டும். ஆகவே கன்வெர்ட்டரைக் கட்டுபவரிடம் எஞ்சினின் கேம், வண்டியின் எடை, டயர் உயரம், பின் அச்சின் பல் விகிதம் 2.73ஆ 3.23ஆ எல்லாவற்றையும் சொல்லுங்கள். குதிரைத்திறனைக் கூட்டிச் சொல்லாதீர்கள். அவர் இதழ்களின் கோணத்தை அந்தக் கணக்கில்தான் வளைக்கிறார்.

வாசகருக்கு என் பதில்: தினமும் வேலைக்கும் அதே வண்டி என்றால் 3000ஐ ஒட்டி, ஓட்டத்தில் பம்பையும் டர்பைனையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் உள்ளதாக வாங்குங்கள். 4000 பந்தயத்துக்கு நல்லது. ஆனால் ஊருக்குள் ஊர்ந்து போகையில் வழுக்கல் அத்தனையும் எண்ணெயில் சூடாகிறது. கியர்பெட்டியைக் கொல்வது பெரும்பாலும் அந்தச் சூடுதான். எதை வாங்கினாலும் தனியாக ஓர் எண்ணெய்க் குளிர்விப்பானும் வெப்பமானியும் சேர்த்தே வாங்குங்கள். பணம் பற்றாவிட்டால் கன்வெர்ட்டரை அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள்.