கிஷோர் குமார் செட்டுக்குள் ஓர் எட்டு!

முதலில் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேளுங்கள். ஓர் ஆண், ஒரு பெண், சீண்டலும் சிணுங்கலுமாக ஒரு டூயட். சரி, இப்போது கண்ணைத் திறந்து படத்தைப் பாருங்கள். ஆணாக வாயசைக்கிறவர் பிரான்! இந்தி சினிமாவில் குழந்தைகள் பெயரைக் கேட்டாலே மிரண்ட அதே வில்லன். பெண் வேஷம் போட்டுக்கொண்டு இடுப்பை வெட்டி ஆடுகிறவர் கிஷோர் குமார்! அப்படியானால் பாடியது யார் யார் என்கிறீர்களா? ஆண் குரல் கிஷோர். பெண் குரலும் கிஷோரேதான்!

1962-இல் வந்த 'ஹாஃப் டிக்கெட்' படத்தின் 'ஆகே சீதி லகி' பாட்டு இது. இசையமைப்பாளர் சலீல் சௌத்ரி, பெண் குரலுக்கு லதா மங்கேஷ்கரை மனதில் வைத்திருந்தார். ரெக்கார்டிங் நாளில் லதா ஊரில் இல்லை. "அதனால் என்ன, ரெண்டையும் நானே பாடிவிடுகிறேன்" என்று கிஷோர் கிளம்பிவிட்டார். சலீல்தாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் கிஷோர் பாடிக் காட்டியபிறகு யாருக்குத்தான் மறுக்க மனசு வரும்! பெண் வரிகளில் குரல் மூக்கோரமாக ஏறி, ஒவ்வொரு முடிவிலும் ஒரு நெளி நெளிந்து நிற்கும். அடுத்த நொடியே நெஞ்சிலிருந்து கனத்த ஆண் குரல் வந்து விழும். ஹெட்போன் போட்டுக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே மூச்சு எங்கே எடுக்கிறார் என்று தேடிப் பாருங்கள். நான் இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறேன்!

படத்தின் கதையே கொண்டாட்டம்தான். ரயிலில் முழு டிக்கெட்டுக்குக் காசில்லாத வாலிபன், அரை டிராயர் போட்டுக்கொண்டு சின்னப் பையனாக நடித்து அரை டிக்கெட்டில் போகிறான். வழியில் வைரக் கடத்தல்காரன் பிரான், எதிரில் மதுபாலா. அப்புறம் என்ன, ஓட்டம், ஆட்டம், காதல்!

இதே சலீல் சௌத்ரி அதற்கு எட்டு வருஷத்துக்கு முன்னால் என்ன செய்தார் தெரியுமா? 1954-இல் பிமல் ராய் எடுத்த 'நௌக்ரி' படத்துக்கு கிஷோர்தான் கதாநாயகன். ஆனால் முறையாகச் சங்கீதம் படிக்காதவர் என்று, அவருக்குப் பின்னணி பாட ஹேமந்த் குமாரை யோசித்து வைத்திருந்தார் சலீல்தா. கிஷோர் விடவில்லை, கெஞ்சிக் கூத்தாடி ஒரு பாட்டை வாங்கிக்கொண்டார். 'சோட்டா ஸா கர் ஹோகா' என்ற அந்தப் பாட்டு இன்றும் தேன். ஒரு குரலுக்கே யோசித்தவர், பிற்பாடு இரண்டு குரலையும் ஒருவருக்கே கொடுத்திருக்கிறார் பாருங்கள்!

பாட்டுக் காட்சி எடுக்கும் விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் ரெக்கார்டிங். அப்புறம் ஃப்ளோரில் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிடுவார்கள், நடிகர் வாயசைப்பார். பாடியவர் ஒருவர், ஆடுகிறவர் வேறொருவர். கிஷோர் படங்களிலோ பாடியவரே ஆடவும் செய்கிறார். எந்த எழுத்தில் குரலை உடைத்தோம், குரலைக் கீழும் மேலுமாகத் தாவவிடும் யோடலிங் எங்கே எகிறியது என்று அந்த உடம்புக்குத் தெரியும். அதனால் குரல் துள்ளும் நொடியிலேயே புருவமும் துள்ளும், முழங்காலும் துள்ளும். அந்த யோடலிங்கை அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணன் அனூப் குமார் வைத்திருந்த மேல்நாட்டு இசைத்தட்டுகளை, ஜிம்மி ராட்ஜர்ஸ், டெக்ஸ் மார்ட்டன் பாடியவற்றை, திரும்பத் திரும்பக் கேட்டுப் பிடித்தது!

இதற்கு அத்தாட்சி வேண்டுமா? 1958-இன் 'சல்தி கா நாம் காடி'யில் அந்த மெக்கானிக் ஷெட் காட்சியைப் பாருங்கள். அண்ணன் தம்பி மூவர் நடத்தும் ஷெட் அது. மூவராக வருகிறவர்கள் அசோக் குமார், அனூப் குமார், கிஷோர் குமார், நிஜத்திலும் அதே மூன்று சகோதரர்கள்! மழை ராத்திரி. நனைந்துபோன மதுபாலா, மக்கர் செய்யும் காரோடு வந்து நிற்கிறார். தூங்கி வழிந்த கிஷோர் எழுந்து கையில் கிடைத்த இரும்பால் காரைத் தட்டுகிறார். டக், டக். அந்தத் தட்டலே தாளமாகிறது, தாளத்திலிருந்து பாட்டு கிளம்புகிறது. மதுபாலா முந்தானையைப் பிழிந்தபடி முறைக்கப் பார்க்கிறார், உதட்டோரம் சிரிப்பு தப்பித்துவிடுகிறது. அந்தச் சிரிப்பு நடிப்பில்லை என்று நான் சத்தியமே செய்வேன். இருவரும் 1960-இல் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று தெரிந்து பார்க்கும்போது இன்னும் தித்திக்கிறது.

எஸ்.டி. பர்மன் அந்த மெட்டுக்குப் பொறி எடுத்தது எங்கிருந்து என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி தன் கடன் சுமையைச் சொல்லிப் புலம்பும் 'சிக்ஸ்டீன் டன்ஸ்' பாட்டிலிருந்து! கரித்தூசியும் பெருமூச்சுமாக இருந்ததை மழைத்துளியும் குறும்புமாக மாற்றிய கைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

நம்ம ஊருக்கு வருவோம். கிஷோரின் இந்தக் கலகலப்பில் மெட்ராஸுக்கு நல்ல பங்கு உண்டு. ஏவி.எம்.மின் 'லட்கி' 1953-இல் வந்தது, எம்.வி. ராமன் இயக்கம், வைஜயந்திமாலா, கிஷோர். நம் 'மிஸ்ஸியம்மா' 1957-இல் 'மிஸ் மேரி'யாக இந்திக்குப் போனபோது ஜெமினி கணேசனும் மீனா குமாரியும் ஜோடி, துப்பறியும் கலாட்டா கிஷோர் பொறுப்பு. எல்.வி. பிரசாத் இயக்கிய படம். அதற்கு முந்தைய வருஷம் வந்த 'நியூ டெல்லி' இன்னும் ருசி: டெல்லியில் வாடகைக்கு வீடு தேடும் பஞ்சாபிப் பையன், அவரவர் ஊர்க்காரருக்கே இடம் கிடைக்கிறது என்று தெரிந்து, தமிழனாக வேஷம் கட்டிக் குடியேறுகிறான். காதலிப்பது ஜானகி என்ற தமிழ்ப் பெண்ணை. ஜானகியாக வருவது வேறு யார், நம் வைஜயந்திமாலாதான்!

ஏவி.எம்.மின் 'பாயி பாயி' (1956) செட்டில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை ஒன்று எனக்கு உயிர். கிஷோருக்கு ஐயாயிரம் ரூபாய் பாக்கி. தராமல் நடிக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அசோக் குமார் சமாதானம் சொல்லி ஃப்ளோருக்கு அழைத்து வந்தார். கேமரா ஓடத் தொடங்கியது. கிஷோர் நாலடி நடந்தார், "ஐயாயிரம் ரூபாய்!" என்றார், ஒரு குட்டிக்கரணம் போட்டார். மறுபடி நாலடி, "ஐயாயிரம் ரூபாய்!", இன்னொரு கரணம். இப்படியே கரணம் போட்டுக்கொண்டு ஃப்ளோரின் கடைசி வரை போனவர், அப்படியே ஸ்டூடியோவை விட்டே வெளியே போய்விட்டாராம்!

'லட்கி'யின் தமிழ் வடிவம் 1954-இல் வந்த 'பெண்'. அதில் நடித்தவர்களில் ஒருவர் வீணை எஸ். பாலசந்தர். வீணையில் அத்தனை பெரிய வித்வானுக்கு, படத்தில் பின்னணி பாடியவர் ஜே.பி. சந்திரபாபு! கிஷோருக்கும் இப்படி இரவல் குரல் வந்ததுண்டு. 1958-இன் 'ராகினி'யில் ஒரு சாஸ்திரியப் பாட்டு. இசையமைப்பாளர் ஓ.பி. நய்யார் அதை முகமது ரஃபியிடம் கொடுத்தார். திரையில் ரஃபியின் குரலுக்குப் பயபக்தியோடு வாயசைக்கிறவர் கிஷோர் குமார். ஒரு மகா பாடகர் இன்னொரு மகா பாடகரின் பாட்டுக்கு அடங்கி உட்கார்ந்திருக்கும் அழகு, அடடா!

இந்த வாயசைப்பு ரகசியத்தையே ஒரு முழுப் படத்தின் கதையாக்கினால்? அதுதான் 1968-இன் 'படோசன்'. எதிர் ஜன்னலில் சாய்ரா பானு. இந்த ஜன்னலில் சுனில் தத். ஆளுக்குப் பாட வராது. பின்னால் ஒளிந்துகொண்டு கிஷோர் பாடுகிறார், முன்னால் நின்று சுனில் தத் வாயைத் திறந்து மூடுகிறார். ரெக்கார்டிங் தியேட்டரும் ஷூட்டிங் ஃப்ளோரும் ஒரே அறைக்குள் வந்துவிட்டன! வாய் நிறைய வெற்றிலை, கண்ணில் மை, வகிடெடுத்த தலை என்று வரும் அந்த குருஜி வேஷத்துக்கு கிஷோர் மாதிரியாக எடுத்துக்கொண்டது சங்கீதக்காரரான தன் மாமாவை.

எதிர்த்தரப்பில் மெஹ்மூத், குடுமியும் விபூதியுமாகத் தமிழ் பாட்டு வாத்தியார் மாஸ்டர் பிள்ளை. நம்மைக் கேலி செய்யும் வேஷமாயிற்றே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் 'ஏக் சதுர நார்' பாட்டுப் போட்டி தொடங்கிவிட்டால் எனக்கு எல்லாம் மறந்துபோகும். மெஹ்மூதுக்குக் குரல் கொடுத்தவர் முறைப்படி சங்கீதம் கற்ற மன்னா டே. ஒத்திகையில் இல்லாத சேட்டைகளையெல்லாம் கிஷோர் ரெக்கார்டிங்கில் அவிழ்த்துவிட்டார் என்பார்கள். ஆர்.டி. பர்மன் இசையில் ஸ்வரங்களும் செல்லத் திட்டுகளும் பந்து போல இரண்டு ஜன்னலுக்கும் இடையே பறக்கின்றன.

அந்தப் பாட்டின் வேரைத் தேடிப் போனால் இன்னொரு குஷி காத்திருக்கிறது. 1941-இன் 'ஜூலா' படத்தில் இதே தொடக்கத்தோடு ஒரு பாட்டு உண்டு. பாடி நடித்தவர் அசோக் குமார்! அப்போது தம்பி கிஷோர் பள்ளிக்கூடப் பையன். அண்ணன் பாட்டைத் தூக்கி வந்து, இருபத்தேழு வருஷம் கழித்து ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தம்பி அடித்த கூத்து இது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், அண்ணன் பாட்டு முதலில்!