தாயக்கட்டையும் தோழமையும்

"அண்ணை, இவன் சனிக்கிழமை எண்டால் பெடியங்களைக் கூட்டிக்கொண்டு வந்து மேசையைச் சுத்தி இருந்து தாயம் உருட்டுறான். நடுச்சாமம் மட்டும் சத்தம். நீங்கள் வரேக்கை அவனுக்கு ஒரு சொல்லுச் சொல்லவேணும்."

சென்ற ஆண்டு நான் ரொறன்ரோ நகருக்குப் புறப்படுமுன் என் தங்கை தொலைபேசியிற் கூறிய சொற்கள் இவை. தாயம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே என் உள்ளத்திற் சகுனி வந்து குந்திவிட்டான். சூதின் தீமையை மாணாக்கருக்கு இருபத்தெட்டு ஆண்டுகளாக எடுத்துரைத்து வருபவன் நான். வள்ளுவர் ஓர் அதிகாரத்தில் அடக்கியதும், வில்லிபுத்தூரர் ஒரு சருக்கமாக விரித்ததும் என் நாவில் நிற்பன. ஆகவே விமானத்தில் இருந்த நேரமெல்லாம் பிரசங்கத்தை ஒழுங்குசெய்து கொண்டே போனேன். அப் பிரசங்கம் இன்றுவரை நிகழவில்லை.

முதற் சனிக்கிழமை மாலை நால்வர் வந்தனர், மருமகனோடு ஐவர். ஒருவன் சீனன், ஒருவன் பஞ்சாபி வீட்டுப் பிள்ளை, மூன்றாமவன் அந் நாட்டு வெள்ளையன், நான்காவது ஆள் கயானாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண்பிள்ளை. தங்கை சொன்ன 'பெடியங்கள்' என்ற சொல்லுக்குள் ஒரு பெண்ணும் அடங்கியிருந்தாள் என்பது அப்பொழுதே தெரிந்தது. மேசையிற் பணம் இல்லை, சீட்டும் இல்லை. ஆளுக்கொரு தாள், ஒரு பென்சில், கைப்பிடியளவு தாயக்கட்டைகள். அவற்றுள் ஒன்றுக்கு நான்கு முகம், ஒன்றுக்கு எட்டு, ஒன்றுக்குப் பன்னிரண்டு. எல்லாவற்றுக்கும் பெரியதற்கு இருபது முகம். சகுனி கண்டால் அவனே மலைத்திருப்பான்.

சீனப் பிள்ளை மாத்திரம் தன் முன்னே ஓர் அட்டையை மறைப்பாக நிறுத்தியிருந்தான். அவன் மெல்லக் கதை தொடங்கினான். மழை பெய்கின்றது, ஆற்றுப் பாலம் உடைந்து கிடக்கின்றது, மறுகரையில் ஒரு விளக்கொளி. இவ்வளவும் சொல்லிவிட்டு, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டு நிறுத்தினான். ஏனையோர் ஒவ்வொருவரும் தாம் ஏற்ற பாத்திரமாக நின்று விடை சொல்லினர். ஒருத்தி நீந்த முயல்கின்றாள். ஒருவன் கயிறு தேடுகின்றான். முயற்சி கைகூடுமா என்பது ஐயமானவிடத்துத் தாயக்கட்டை உருளுகின்றது. விழுந்த எண்ணுக்கேற்பக் கதை ஒரு பக்கம் திரும்புகின்றது. எழுதிவைத்த நாடகம் இல்லை; பார்வையாளர் இல்லை; பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவனே. கதையை நடத்துபவனுக்கு ஆங்கிலத்தில் நிலவறைத் தலைவன் என்ற பொருள்படும் பெயர் வழங்குகின்றது. எனக்கு அவன் வடமொழி நாடகத்துச் சூத்திரதாரியாகவே தோன்றினான். இக் கட்டுரையிலும் அவ்வாறே அழைப்பேன்.

நாலு மணி நேரம் சென்றபின் எழுந்தனர். "ஆர் வெண்டது?" என்று கேட்டேன். மருமகன் சிரித்தான். "ஒருத்தரும் வெல்லேல்லை மாமா. அடுத்த சனிக்கு மிச்சம்" என்றான்.

இவ் விடை அவனுக்கு எளிதில் வந்ததன்று. மருமகனுக்குப் பதினேழு வயது. சிறு வயது தொட்டுத் திக்குவாய். வீட்டில் 'ஓம்', 'இல்லை' என்ற இரண்டு சொற்களோடு நாளைப் போக்குபவன். ஊரிலிருந்து யாரேனும் பேசினால் தொலைபேசியைத் தாயின் கையிற் கொடுத்துவிட்டு அப்பாற் போய்விடுவான். இத்தகையவன் அம் மேசையில் ஏற்றிருந்த பாத்திரம் எது? ஊர் ஊராகத் திரிந்து பாடியும் பேசியும் பிழைக்கும் பாணன்! போர் வீரனாகலாம், வாய்பேசாத வேடனாகலாம். தேடிப் பிடித்துப் பாணனை எடுத்திருந்தான்.

வேடம் புனைந்து பேசுகையிலும் பாடுகையிலும் திக்கல் குறைதல் பலரிடத்துக் காணப்படுவதே. ஆயின் அன்றிரவு அவனுக்குத் திக்கல் குறையவில்லை என்பதை நான் மறைக்கமாட்டேன். பாலத்தைத் திருத்தித் தரும்படி மறுகரைச் சிற்றரசனிடம் பேசவேண்டிய கடமை பாணனுடையது. அவன் பேசத் தொடங்கினான். ஒரு சொல் தொண்டையிற் சிக்கிக்கொண்டது. ஆசிரியன் என்ற பழக்கத்தால் அச் சொல்லை எடுத்துக்கொடுக்க என் வாய் முந்திற்று. பஞ்சாபிப் பிள்ளை என்னைப் பாராமலே கையைச் சற்று உயர்த்தித் தடுத்தான். எல்லோரும் இருந்தனர். ஒருவரும் தாளைப் புரட்டவில்லை. ஒருவரும் இரக்கமாய்ப் பார்க்கவுமில்லை. சொல் வந்தது. சிற்றரசனாகப் பேசிய சூத்திரதாரி அதற்கு விடை சொன்னான். கதை நடந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையிற் பேச்சுப் போட்டிக்கு மாணவர் சிலரைப் பயிற்றினேன். அவருள் ஒருவன் தானே எழுதிய பேச்சு மிகச் சிறந்தது. அவனும் திக்குபவன். போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில் அப் பேச்சை அவனிடமிருந்து வாங்கி, நாவன்மையுள்ள வேறொருவனிடம் கொடுத்தேன். பரிசு கிடைத்தது. பேச்சை எழுதியவன் அதன்பின் என் வகுப்பில் வாய் திறந்ததை நான் கண்டிலேன். பாடசாலையின் நன்மைக்குச் செய்ததாக அன்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

மறுவாரம் நூலகத்துக்குச் சென்று இவ் விளையாட்டின் பிறப்பைத் தேடிப் படித்தேன். அதன் முன்னோர் போர் விளையாட்டுக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரஷ்ய நாட்டுப் படை அலுவலர், வரைபடத்தின்மேற் படைகளை நகர்த்தி, நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லப் போர் பயின்றனர். 1969 இல் அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் இதில் ஒரு மாற்றஞ் செய்தார். படைகளை மாத்திரம் கொடாமல், கற்பனை நகர் ஒன்றின் மாந்தராக ஆட்டக்காரருக்குத் தனித்தனிப் பாத்திரம் வகுத்தார். வந்தவர்கள் படையை மறந்து, மூலைக்கு மூலை நின்று ஒருவரோடொருவர் பேரம் பேசவும் சதி செய்யவுந் தலைப்பட்டனர். ஆட்டம் குழம்பிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடினவர்களோ மீண்டும் ஒன்று வேண்டுமென்றனர். அவருள் ஒருவரான டேவ் ஆர்னசன் அதைக் கோட்டையும் நிலவறையும் உள்ள தொடர்கதையாக்கினார். விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னுஞ் சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் என்பவர் ஆர்னசனோடு சேர்ந்து விதிகளை வகுத்தார். கைகாக்ஸ் காப்புறுதி நிறுவன வேலையை 1970 இல் இழந்து, வீட்டு நிலவறையிற் சப்பாத்துத் திருத்திப் பிழைத்தவர். 1974 இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரோடு மூன்று சிறு புத்தகங்கள் ஒரு பெட்டியில் வெளிவந்தன. முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதி. நிலவறைகளும் பறவைநாகங்களும் என்று அப் பெயரைத் தமிழாக்கலாம்.

பேரம் பேசவும் சதி செய்யவும் தொடங்கியபோதே விளையாட்டுப் பிறந்தது என்பதைக் கவனிக்க. ஒருவரையொருவர் வேண்டிநிற்கும் நிலையே அதன் கரு. வீரனுக்குப் பூட்டுத் திறக்கத் தெரியாது. பூட்டுத் திறப்பவனுக்குக் காயம் ஆற்றத் தெரியாது. காயம் ஆற்றுபவளுக்கு வாளில்லை. வராதவன் ஒருவன் இருந்தால் கதை நொண்டுகின்றது. தான் போகாவிடின் ஒரு காரியம் நடவாது என்ற எண்ணம் எத்தனை இளைஞருக்கு இன்று வாய்க்கின்றது? என் மருமகனுக்கு அது சனிக்கிழமை தோறும் வாய்த்தது.

இலக்கணம் படித்தோர்க்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். அகப்பாட்டிற் புலவன் தன் பெயராற் பேசுவதில்லை. தலைவியாய்ப் பேசுவான், தோழியாய்ப் பேசுவான். தன் வாயாற் சொல்லக் கூசுவதைப் பிறர் வாயில் வைத்துச் சொல்வான். இதனை எல்லோரும் அறிவோம். ஆயின் தொல்காப்பியர் செய்யுளுறுப்புக்களை எண்ணும்போது, கூற்று என்று சொன்னவுடன் கேட்போர் என்பதையும் ஓர் உறுப்பாக எண்ணுகின்றார். பலமுறை படிப்பித்த பகுதி இது. கேட்போர் ஏன் உறுப்பாதல் வேண்டும் என்று நான் நின்று சிந்தித்ததில்லை. கேட்பவன் இல்லாவிடத்துக் கூற்று இல்லை. பாணன் பேசியது அவன் திறமையால் மாத்திரமன்று, நால்வர் பொறுத்திருந்தமையால். தன் முறை வரும்வரை பிறனுடைய முறையைக் கேட்டிருத்தல் அவ் விளையாட்டில் உபசாரமன்று, விதி.

இதனை அஞ்சியோரும் உண்டு. 1979 இல் மிச்சிக்கன் மாநிலப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் காணாமற்போக, இவ் விளையாட்டே காரணமென்று பத்திரிகைகள் ஆரவாரித்தன. காரணம் அதுவன்று என்பது பின்னரே தெளிந்தது. 1980 களிற் பேய் வழிபாடு என்று தூற்றியோர் பலர். அவற்றை விரித்தல் வேண்டா. சிறைச்சாலைச் செய்தி ஒன்றே என்னை நெடுநேரம் பிடித்துவைத்தது. விளையாட்டுப் பிறந்த அதே விஸ்கொன்சின் மாநிலத்தில், வாப்பன் என்னும் ஊர்ச் சிறையில், 2004 இல் அது தடைசெய்யப்பட்டது. கைதி ஒருவர் தம் கையால் எழுதியிருந்த 96 பக்கக் கதையும் பறிக்கப்பட்டது. அவர் வழக்காடினார், 2010 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தடை செல்லும் என்று தீர்த்தது. ஒருவன் கதை நடத்த ஏனையோர் தொடர்வது குழுத் தலைமைக்கு ஒப்பாகும் என்பது சிறையதிகாரிகளின் வாதங்களுள் ஒன்று. அதிகாரிகளை நான் பழிக்கமாட்டேன். தாயக்கட்டைக்கு அவர்கள் அஞ்சவில்லை. மனிதரைக் கட்டும் கயிற்றுக்கு அஞ்சினார்கள். தூற்றியோரைக் காட்டிலும் அவர்களே விளையாட்டை நன்கு விளங்கியவர்கள். டெக்சாஸ் மாநிலத்து மரணதண்டனைக் கைதிகள் சிலர், தனியறைகளில் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே, அறைக்கு அறை குரல் கொடுத்து இதனை ஆடிய செய்தியை 2023 இல் அமெரிக்கப் பத்திரிகை எழுதிற்று. தாயக்கட்டைக்கு அங்கே அனுமதியில்லை. எண் குறித்த சுழலியைத் தாமே செய்துகொண்டனர்.

குறையில்லாத விளையாட்டு என்று நான் சொல்ல வரவில்லை. கயிறு இறுகவுஞ் செய்யும். சூத்திரதாரி செருக்குடையவனாயின் ஏனையோர் அவன் கைப்பாவைகளே. மினசோற்றாவில் இவ் வட்டங்களோடு இருந்து ஆராய்ந்த கேரி அலன் பைன் என்னும் சமூகவியலாளர் 1983 இல் வெளியிட்ட நூல், அக்காலத்து மேசைகளிற் பெண்கள் மிகச் சிலரே இருந்தனர் என்று காட்டுகின்றது. ஐவருள் அடைந்து கிடப்பவனுக்கு ஆறாமவன் முகம் அந்நியமாதலுங் கூடும். என் தங்கையின் குறையும் பொய்யன்று. தன் மகனுடைய நீண்ட வாக்கியங்களை அவள் கதவுக்குப் பின்னால் நின்றே கேட்டிருக்கின்றாள். அவளுக்கு அவன் சொல்வது 'ஓம்', 'இல்லை'. சமையலறையில் இதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. "உனக்கு விடை சொல்ல அவனுக்கு நேரம் குடுக்கிறியோ?" என்று கேட்டேன். அவள் விடை சொல்லவில்லை. எனக்கும் அதைக் கேட்கும் யோக்கியதை குறைவு என்பது உறைத்தது.

இரண்டாஞ் சனிக்கிழமை வெள்ளைப் பிள்ளைக்குக் காய்ச்சல். ஆள் ஒன்று குறைகின்றது. மருமகன் என் அறை வாசலில் வந்து நின்றான். சொல்லுக்கு நேரஞ் சென்றது. நான் இம்முறை எடுத்துக்கொடுக்கவில்லை. "மாமா, நீங்கள் வாறியளோ?" என்றான்.

எனக்கு ஒரு கிழ முனிவனின் தாளைத் தந்தனர். பாத்திரத்தின் இயல்புகள் ஆறு. வலிமை, விரைவு, உடலுறுதி என மூன்று, அறிவு, ஞானம், வசீகரம் என மூன்று. அறிவுக்கும் ஞானத்துக்கும் வெவ்வேறு எண் கொடுத்திருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். நமது பரீட்சைப் பகுதியார் இதனைக் கவனிக்கலாம். என் முனிவனுக்கு ஞானம் 16, வசீகரம் 7. கயானாப் பெண் ஒவ்வோர் எண்ணையும் பொறுமையோடு விளக்கினாள். தங்கை தேநீர் கொண்டுவந்தவள், தட்டை வைத்துவிட்டுப் போகாமல் வாசற்படியில் நின்றாள்.

பாலத்தைக் கடந்துவிட்டோம். விளக்கொளி வந்த வீட்டின் கதவு திறந்தது. உள்ளே ஒரு சிறுவன் தனியே அழுதுகொண்டிருக்கின்றான். சூத்திரதாரி என்னைப் பார்த்து, "முனிவரே, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்றான்.

மேடைகளில் மணிக்கணக்காகப் பேசியவன் நான். ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. தாளைப் பார்த்தேன், தாயக்கட்டையைப் பார்த்தேன். மருமகன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை நோக்கியபடி இருந்தான். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.