லே போனால் இரண்டு நாள் சும்மா இருங்கள்

வண்டி வாங்கினாலும், பரீட்சைக்குப் போனாலும், வளைகுடாவுக்கு விமானம் ஏறினாலும் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் திருவனந்தபுரத்துக்காரர்கள் நகர மாட்டார்கள். லடாக் கிளம்புகிறவர்களும் இப்போது அந்தக் கூட்டத்தில் உண்டு. பொருத்தமான சாமியிடம்தான் வருகிறார்கள். பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூரின் நாயர் படை கும்பிட்டு வந்த பிள்ளையார் இவர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் மாறியபோது படையோடு சேர்ந்து இவரும் இடம் மாறினார் என்கிறார்கள். அந்தப் படை சுதந்திரத்துக்குப் பிறகு மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தது. கோயிலை இன்றும் பராமரிப்பது ராணுவம்தான்.

மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு லடாக்கின் பனி புதிதல்ல. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,000 அடிக்கு மேலே இருந்த சோனம் முகாமைப் பனிச்சரிவு மூடியது. அங்கே இருந்தது அந்த ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியன். புதைந்த 10 பேரில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் பக்கத்துக் கொல்லம் மாவட்டம். ஆறு நாள் பனிக்கடியில் உயிரோடிருந்த தார்வாட்டைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் டெல்லி ராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11 அன்று போய்விட்டார்.

அந்த உயரத்துக்கு ராணுவம் தன் ஆட்களை எப்படி அனுப்புகிறது என்பதை, சுற்றுலா போகிற நாம் அவசியம் கவனிக்க வேண்டும். 9,000 முதல் 12,000 அடி வரை ஆறு நாள். அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. பிறகு கொஞ்சம் நடை. கடைசி இரண்டு நாள் சின்ன ஏற்றம். அடுத்த 15,000 அடி வரை நான்கு நாள். அதற்கும் மேலே போக இன்னொரு நான்கு நாள். ஆக, கட்டுமஸ்தான இருபது வயது ஜவானுக்கே 14 நாள். நம்முடைய ‘பேக்கேஜ்’ என்ன சொல்கிறது? கடல் மட்டத்திலிருந்து கிளம்பி, டெல்லியில் ஓர் இரவு, காலையில் லடாக்கின் 11,500 அடி உயர லே நகரில் இறக்கம். மறுநாளே கர்துங் லா கணவாய். அதற்கடுத்து பாங்காங் ஏரிக்கரையில் கூடாரம். ஆறாம் நாள் வீடு. தொப்பையும் ரத்த அழுத்தமும் உள்ள ஐம்பது வயதுக்காரருக்கும் இதே அட்டவணைதான்.

உயரே போனால் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. எங்கேயும் அது 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். லேவில் அது நம் ஊரைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு; கர்துங் லாவில் ஏறக்குறையப் பாதி. ஆகவே மூச்சுக்கு மூச்சு உள்ளே போகிற ஆக்சிஜன் போதாமல் உடம்பு திணறும். சமையலறையிலும் இது தெரியும்: லேவில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாலக்காட்டு மட்டை அரிசியை மூட்டை கட்டிப் போகிறவர்கள் குக்கரையும் மறக்க வேண்டாம்.

1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து வீரர்களை அவசர அவசரமாக மலைக்கு ஏற்றியதில் பலர் குண்டுபடாமலேயே சாய்ந்தார்கள். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் குழுவினரும் 1,925 வீரர்களின் மலைநோயை ஆராய்ந்து 1969இல் எழுதிய கட்டுரையை உலகமே படித்தது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று இந்த நோய் ஆரம்பிக்கும். அங்கேயே நின்று ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘காசு கட்டியாச்சு, பார்த்துவிட்டே வருவோம்’ என்று மேலே போனால்தான் வினை. படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குவது நுரையீரலில் நீர் கோத்ததற்கு அறிகுறி. நடை தள்ளாடி, பேச்சு குழறினால் மூளை வீங்குகிறது. அப்போது ஒரே வைத்தியம் உடனே கீழே இறங்குவது. ஆக்சிஜன் சிலிண்டரும் மாத்திரையும் இறங்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான்.

கர்துங் லாவில் 18,380 அடி என்று பலகை வைத்திருந்தார்கள். அளந்தவர்கள் 17,600 அடிகூட இல்லை என்கிறார்கள். அந்தப் பலகை முன்னால் படம் எடுக்க அரை மணி நேரம் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். அங்கே பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கணவாயைத் தாண்டினால் நுப்ரா பள்ளத்தாக்கு, லேவைவிடத் தாழ்வு. ஹுண்டர் மணல்மேட்டில், மத்திய ஆசிய நகரமான யார்க்கண்டோடு வணிகம் நடந்த காலத்தின் மிச்சமான இரட்டைத் திமில் ஒட்டகங்களைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். சுமார் 14,000 அடி உயரத்திலுள்ள பாங்காங்கைக் கடைசியில் வையுங்கள்.

நேரமிருந்தால் ஸ்ரீநகரிலிருந்து சாலை வழியாகப் போவது உத்தமம். சோனமார்க், கார்கில் என்று உடம்பு படிப்படியாகப் பழகும். மணாலி வழியில் சர்ச்சு முகாமில், லேவைவிட உயரத்தில், முதல் இரவு தங்கித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் ஏராளம்.

மூச்சுக்கு அடுத்தது தண்ணீர். ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் எங்கள் ஊரில் தம்பானூரும் பழவங்காடியும் முட்டளவு நீரில் நிற்கும். திருவனந்தபுரத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை. லேவுக்கு 100தான். மேகத்தை இமயமலை தெற்குப் பக்கமே மறித்துவிடுவதால் பனி உருகி வரும் ஓடைதான் வயலுக்கும் வீட்டுக்கும். மழை கூடினாலும் ஆபத்து. 2010 ஆகஸ்ட் 6 அதிகாலை மேகம் வெடித்துக் கொட்டியதில் மண் வீடுகள் கரைந்து 200 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அந்த வறட்சியோடு வாழ லடாக்கியர் கண்ட வழிகளில் எனக்குப் பிடித்தது அவர்களுடைய கழிப்பறை. மாடியில் ஒரு சின்ன அறை, மண் தரை, நடுவில் நீள்சதுரத் துளை. மூலையில் மண் குவியல், அதில் செருகிய மண்வாரி. காரியம் முடிந்ததும் ஒரு வாரி மண்ணைத் தள்ளினால் தீர்ந்தது. காற்றே உலர்ந்ததாகையால் நாற்றம் குறைவு. கீழ் அறையில் மட்கியது பார்லி வயலுக்கு எருவாகப் போகும். சொட்டுத் தண்ணீர் செலவில்லை. நமக்காக இதை ஒதுக்கிவிட்டு லே விடுதிகள் ஃப்ளஷ் வைத்தன. அதற்கு ஆழ்துளைக் கிணறு போட்டன. கழிவை மண்ணுக்குள் விட்டன. 1974இல்தான் வெளியாருக்குத் திறந்த ஊர். ‘3 இடியட்ஸ்’ படம் பாங்காங்கை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. சுமார் மூன்று லட்சம் பேரே வாழும் லடாக்குக்கு 2022இல் 5 லட்சத்துக்கு மேல் பயணிகள் வந்தார்கள்.

ஆகவே, போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கட்டும்போதே முதல் இரண்டு நாள் வண்டி வேண்டாம் என்று எழுதி வாங்கிவிடுங்கள். அந்த இரண்டு நாளும் மது வேண்டாம், வெந்நீர்க் குளியலும் வாளிக் கணக்கில் வேண்டாம். உலர் கழிப்பறை உள்ள வீட்டுத் தங்கல் கிடைத்தால் விடுதியைவிட அதுவே மேல். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். மலைநோயைத் தடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரையையும் அவரிடம் கேட்டே போடுங்கள். சல்ஃபா ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம்.