தவழக் கற்ற தகப்பன்

ஊரிலே தனித்திருந்த தகப்பனாருக்குப் பக்கவாதம் வந்தபின், பிரேசர் டவுனில் மாஸ்க் ரோட்டை ஒட்டிய சந்தொன்றில் இருக்கும் உங்கள் இரண்டு அறை வாடகை வீட்டிற்கு அவரை அழைத்து வந்திருக்கிறீர்களோ? உங்களைக் கைப்பிடித்து நடக்கப் பழக்கியவர் இன்று சோற்றைப் பிசைய இயலாதிருப்பதைக் காண்பது எத்தனை பாரம்! அப்பாரத்தைச் சுமந்த ஒரு மகனைக் குறித்து உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1959-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் வாழ்ந்த பெத்ரோ பாக்-இ-ரிட்டா என்னும் பேராசிரியரைக் கடும் பக்கவாதம் தாக்கியது. வயது 65, மனைவியை இழந்தவர். உடலின் ஒரு பாதி செயலிழந்தது, பேச்சும் போயிற்று. மெக்சிகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். மருத்துவமனையில் 4 வாரம் பயிற்சி அளித்தும் பலன் இல்லை. குழந்தை தவழ்ந்த பின்னர்தானே நடக்கிறது என்று எண்ணிய மகன், தகப்பனைத் தரையிலே தவழவிட்டார். பலவீனமான தோளுக்குச் சுவரே துணை. கோலிக்குண்டுகளை உருட்டிவிட்டு எடுக்கச் செய்தார். பாத்திரம் கழுவும்போது நல்ல கை பாத்திரத்தைப் பிடித்திருக்க, தளர்ந்த கை 15 நிமிடம் வலமாகவும் 15 நிமிடம் இடமாகவும் அதற்குள் சுற்றிவர வேண்டும். முதிர்ந்த பேராசிரியரை நாயைப்போலத் தவழவிடுகிறானே என்று அயலகத்தார் முகஞ்சுளித்தனர். (சுவரோடு சுவர் ஒட்டிய நம் வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் சீக்கிரமாய் எழும்.) மகன் நிறுத்தவில்லை. ஏறக்குறைய ஓராண்டில் பெத்ரோ மீண்டும் கல்லூரியில் கற்பித்தார்.

72-ஆம் வயதில் கொலம்பியாவின் மலைகளில் ஏறியபோது மாரடைப்பினால் மரித்தார். பிரேதப் பரிசோதனை செய்தவர்கள் வியந்தனர்: மூளைத்தண்டின் பெருஞ்சேதம் ஆறாமலே இருந்தது! மாண்ட நரம்புகள் உயிர்க்கவில்லை. எஞ்சியவையே அவற்றின் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தன. மற்றொரு மகன் பால், மூளையின் இத்தன்மையை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

எல்லாருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல நான் துணியேன். சேதத்தின் இடமும் அளவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எந்தப் பயிற்சிக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். ஆனால் வேலைக்குப் போகும் அவசரத்தில் அவருடைய சட்டைப் பொத்தானை நாமே போட்டுவிடுகிறோமே, அன்பினால் செய்யும் அந்த உதவி, அவர் கை கற்கவேண்டிய பாடத்தைப் பறித்துக்கொள்ளுகிறது.

இன்னொரு காரியம். பேச்சை இழந்தவர்களில் அநேகர், நாம் பேசுவதைப் புரிந்துகொள்ளுகிறார்கள். ஆகையால் சந்திக்கச் செல்லுகிறவர்கள், போதகராகிய நானும் உட்பட, கட்டிலருகே நின்று அவர் அங்கே இல்லாததுபோலப் பேசலாகாது. இந்நகரில் பேச்சுப் பயிற்சி கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அமைந்துவிடக்கூடும். வாழ்நாளெல்லாம் தமிழே பேசியவருக்குத் தமிழிலேயே சொற்களைப் பழக்கும்படி கேளுங்கள், வீட்டாரில் ஒருவர் உடன் அமருங்கள். ஒரு சொல்லும் வராத சிலர், சிறுவயதில் கற்ற பாட்டை வார்த்தை பிசகாமல் பாடுவதுண்டு. 1973-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், ராகத்தோடு சொற்களைப் பழக்கும் முறையொன்றை இதைக்கொண்டே வெளியிட்டனர். உங்கள் தகப்பனார் ஊர்ச் சபையில் பாடிய கீர்த்தனை ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். இன்று மாலை அதன் முதல் வரியை மெதுவாகப் பாடி, இரண்டாம் வரியை அவருக்கென்று விட்டுக் காத்திருங்கள்.